வேஷம் கட்டுவதும் பாத்திரமாவதும்

"பாத்திரமாகவே மாறிவிடுங்கள்" என்று நடிப்புப் பயிற்சிகளில் இளைஞர்களுக்குச் சொல்லப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சற்று எரிச்சல் வருகிறது. அதை நம்பி நான் நன்றாகவே அசடு வழிந்திருக்கிறேன். கல்லூரி நாட்களில் வேலூரில் போட்ட ஒரு நாடகத்தில், மகனைப் பறிகொடுத்த தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளியாக நடித்தேன். ஒரு வாரம் துக்கத்தை மனத்தில் ஊறவைத்து, மேடையில் உண்மையாகவே அழுதேன். நாடகம் முடிந்ததும் கடைசி வரிசை நண்பன் வந்து, "என்னடா, ஜலதோஷமா?" என்று கேட்டான். இருபது வருடம் ஈரத்தோல் தூக்கிய ஒருவர் எப்படி உட்காருவார், எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார் என்பதை ராணிப்பேட்டைக்கோ பேரணாம்பட்டுக்கோ போய் ஒரு நாளாவது பார்த்துவர எனக்குத் தோன்றவில்லை. துக்கத்தைச் சேர்த்து வைத்திருந்தேனே தவிர, அந்த மனிதரின் முதுகு என்னிடம் இல்லை.

இந்தப் புத்தி எனக்கு வந்தது தெருக்கூத்து நடிகர்கள் வேஷம் கட்டும் கொட்டாயில். பழைய வடஆற்காட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் என்றால் பகலில் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து. ஆற்காட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், துரியோதனன் வேஷம் கட்டுபவரின் அருகில் உட்கார்ந்திருந்தேன். கைக்கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தில் தானே சிவப்புப் பூசிக்கொண்டவர், அந்த வருட மல்லாட்டை (வேர்க்கடலை) விலையைப் பற்றி என்னிடம் அலுத்துக்கொண்டிருந்தார். சலங்கை கட்டும்போதும், புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் ஏறும்போதும் பேச்சு தொடர்ந்தது. கிரீடத்தைத் தலையோடு இறுக்கிக் கட்டியபோதுதான் நின்றது. அந்தக் கட்டைகளைச் சுமந்துகொண்டு கூன் போட்டு நிற்க முடியாது. கழுத்தைத் திருப்ப வேண்டுமானால் மார்பும் சேர்ந்து திரும்ப வேண்டும். அரசனின் செருக்கென்று நாம் கூத்தாடும் களரியில் பார்ப்பதில் பாதி அந்த மரத்தின் வேலை.

அதன் பிறகு திரை வருகிறது. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் சலங்கை மட்டும் கேட்க, "துரியோதன மகாராஜன் வந்தாரே" என்று துரியோதனனே படர்க்கையில் பாடுகிறார். திரை விலகி, கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் யாரென்று கேட்ட பிறகே "நான்" என்ற சொல் வருகிறது. நடிகர் முதலில் பாத்திரத்தை வெளியே நிறுத்திச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு உள்ளே நுழைகிறார் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

கூத்தில் இருப்பது வகைமாதிரிதான், உளவியல் இல்லை என்று நாடக நண்பர்கள் சொல்வதுண்டு. ஆனால் அகத்தை அவ்வளவு வலியுறுத்திய ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே (1863–1938) கடைசி வருடங்களில் உடற்செயலைப் பிடித்துக்கொண்டு உணர்ச்சியை அடையும் வழிக்குத்தான் வந்து சேர்ந்தார். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவின் நடிகர்கள், செய்யாறு பக்கத்துப் புரிசையின் கண்ணப்ப தம்பிரானிடம் கூத்துப் பயின்றதும் பழமையின் மீதிருந்த ஏக்கத்தால் மட்டும் இருக்காது. எல்லாக் கூத்தையும் நான் புகழவில்லை. மைக்கின் முன்னால் நின்ற இடத்திலேயே நின்று கத்திவிட்டுப் போகும் வேஷங்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அடவு என்கிற ஆட்ட அசைவு போனால் ஆளும் போய்விடுகிறார்.

துகிலுரிதல் இரவில்தான் எனக்கு இது முழுமையாக விளங்கியது. துச்சாதனன் கூந்தலைப் பிடித்து இழுத்து வந்தபோது பின்னால் ஒரு பெண்ணுக்கு அருள் வந்துவிட்டது. புடவையில் கை வைப்பதற்கு முன் துச்சாதனன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனை நோக்கிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்த ஒரு நிமிடம் அங்கே நின்றது பயந்துபோன ஒரு குடும்பஸ்தர். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே திரும்பினார், மிருதங்கம் ஏறியது, முன்வரிசையில் என் மடியில் அரைத்தூக்கத்தில் இருந்த பக்கத்து வீட்டுப் பையன் எழுந்து என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.