மரத் தண்டவாளங்களையும் சேருங்கள்

1825-இல் இங்கிலாந்தின் ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில் பாதையோடுதான் ரயில் கதை தொடங்குகிறது என்று உங்கள் கட்டுரை சொல்வது சரியில்லை. அதே நாட்டின் நியூகாசில் நகரப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் அதற்கு நூறு வருடம் முன்பே மரத் தண்டவாளங்களில் குதிரைகள் வண்டி இழுத்தன. அந்த வண்டிப் பாதைக்காகக் கொத்தனார் ரால்ஃப் வுட் 1725-26-இல் கட்டிய காஸி ஆர்ச் பாலம் இன்றும் நிற்கிறது.

2013-இல் நியூகாசிலின் வாக்கர் பகுதியில், பழைய கப்பல் கட்டும் தளத்துக்கு அடியில் வில்லிங்டன் என்ற பழைய மரத் தண்டவாளப் பாதை கிடைத்தது. என்னை அசர வைத்தது அதுதான். தண்டவாளமாக ஒரு மரக்கட்டைமேல் இன்னொரு கட்டை. தேய்ந்தால் மேலே இருப்பதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், வழியில் கல் பாவிய ஒரு தண்ணீர்ப் பள்ளம். மரச் சக்கரங்கள் காய்ந்து வெடிக்காமலிருக்க, வண்டிகளை அந்தத் தண்ணீரில் இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! தண்டவாள இடைவெளியும் இன்று பல நாடுகளில் வழங்கும் ‘ஸ்டாண்டர்ட் கேஜ்’ அளவான நாலடி எட்டரை அங்குலத்தை ஒட்டியே இருக்கிறது. தயவுசெய்து இதையும் கட்டுரையில் சேருங்கள்.