வெள்ளிக்கிழமை மாத்திரை

போன வருஷம் எங்கள் அப்பத்தா விஷயத்தில் பெரிய தப்பு ஒன்று செய்தேன். முடக்குவாதத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்தில் ஒருநாள்தான் போட வேண்டும். கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். கிளம்புகிற அவசரத்தில் பிரஷர் மாத்திரையோடு அதையும் தினம் ஒன்றாக டப்பாவில் அடுக்கிவிட்டேன். ஐந்தாம் நாள் வாயெல்லாம் புண். வெள்ளைப் பணியாரத்தைக்கூட வேண்டாமென்று தள்ளிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளணுக்கள் இறங்கியிருந்தன. “ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மருந்து சார் இது, விளையாட்டில்லை” என்றார் டாக்டர். அப்பத்தா காதில் அது மட்டும் விழுந்துவிட்டது. “ஏய்யா, புத்துநோய் மருந்தையா எனக்குக் குடுத்தே?” என்று போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘அந்த வியாதி’தான்.

மெத்தோட்ரெக்ஸேட்டை முறிக்கிற மருந்தாக ஃபோலினிக் அமிலம் ஊசி வழியாக ஏறிக்கொண்டிருந்தது. ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினின் உறவுதான் அது. கட்டிலருகே உட்கார்ந்து படிக்கத் தொடங்கியபோதுதான் எல்லப்பிரகட சுப்பாராவ் என்ற பெயரில் வந்து நின்றேன். 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னாரென்று கதர் அங்கி போட்டு அறுவைசிகிச்சை வகுப்புக்குப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம், எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்தவர். பிற்காலத்தில் அதே நோய்க்கு மருந்தான ஃபோலிக் அமிலத்தை அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் இவர் தலைமையிலான குழுதான் செயற்கையாகத் தயாரித்தது. கதையில் எழுதினால் நம்பமாட்டோம்.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைப் பொருளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, வேகமெடுத்தது போலத் தெரிந்தது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான். வேறொருவர் என்றால் குறிப்பேட்டை மூடி வைத்திருப்பார். ஃபார்பர் அதைத் திருப்பிப் போட்டார்: கொடுத்தால் நோய் வளர்கிறதென்றால், தடுத்தால்?

தடுக்கிற பொருளும் லெடர்லியிலிருந்தே வந்தது. பெயர் அமினோப்டெரின். பார்வைக்கு ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும். செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து என்று நினைத்துக் கொத்தனார் கரண்டியில் வேறெதையோ அள்ளினால் சுவர் எழும்புமா? அதுபோல, ஃபோலிக் அமிலமென்று நம்பி இதை எடுத்துக்கொள்கிற, வேகமாகப் பெருகும் புற்றணு டி.என்.ஏ. கட்ட முடியாமல் நின்றுவிடும். 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகள். 10 பேருக்கு நோய் தணிந்தது. சில மாதங்களுக்குத்தான், திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் அதுவரை நாட்களை எண்ணிக்கொண்டிருந்த வியாதி அது. அமினோப்டெரினின் தம்பிதான் எங்கள் அப்பத்தாவின் மெத்தோட்ரெக்ஸேட். இன்றைக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் மற்ற மருந்துகளோடு அதுவும் இருக்கிறது.

1948 ஜூலையில் நேரு வந்து எங்கள் காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார். அடுத்த மாதம் சுப்பாராவ் இறந்துபோனார், வயது 53. சிக்ரி தெரியாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. சுப்பாராவைத் தெரியுமா என்று எனக்குத் தெரிந்த நான்கு மருந்துக்கடைக்காரர்களிடம் கேட்டேன். ஒருவர் “எந்தக் கம்பெனி சார்?” என்றார்.

ஃபார்பரை நவீன கீமோதெரபியின் தந்தை என்கிறார்கள், சொல்லட்டும். ஆனால் மருந்தைச் செய்துகொடுத்தவன் இல்லையென்றால் மருத்துவர் வெறுங்கையோடுதானே நிற்க வேண்டும்? கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தால் வெளிச்சம் மறைகிற அளவுக்கு ‘உபயம்’ எழுதுகிறவர்கள் நாம். சென்னையில் படித்த மனிதர் உலகத்துக்கே கொடுத்த உபயத்தை நம் பிள்ளைகளின் வேதியியல் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதக்கூடாதா? சிலையெல்லாம் கேட்கவில்லை. சிலை வைத்தால் மாலை போடுவதோடு முடித்துக்கொள்வோம்.

அப்பத்தா இப்போது நன்றாக இருக்கிறார். டாக்டர் அளவைக் குறைத்து மறுபடி தொடங்கியிருக்கிறார். மெத்தோட்ரெக்ஸேட் அட்டையில் சிவப்பு மையில் ‘வெள்ளி மட்டும்’ என்றும், ஃபோலிக் அமில அட்டையில் ‘சனி’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன். டப்பாவை நிரப்பும் வேலை மட்டும் என்னிடம் இல்லை, என் தங்கைக்குப் போய்விட்டது.