நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை வர வேண்டாமா?

பொழுதுபோக்குக்காக வரைகிறவர் ஒரு பெயின்டிங் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்குள் வரைகிற ஆசையே வற்றிவிடுகிறது. 'அசல் வாட்டர்கலர் போலவே' என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள், சரி என்று திறந்து நீலத்தின் மேல் மஞ்சளை இழுத்தால் பச்சைக்குப் பதில் சேறு மாதிரி ஒரு சாம்பல் வருகிறது, ஏனென்றால் பலவற்றில் உள்ளே நடப்பது வெறும் ஆர்ஜிபி எண்களின், அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளி அளவுகளின், சராசரி. நிறமிகள் ஒளியை எப்படி உறிஞ்சிச் சிதறடிக்கின்றன என்பதற்குக் குபெல்கா, முங்க் என்ற இருவர் 1931லேயே சமன்பாடு எழுதிவிட்டார்கள். ரெபெல் புரோ மாதிரி சில மென்பொருள்களில்தான் நிறமி போலக் கலக்கும் வசதி இருக்கிறது, தண்ணீர் காகிதத்தில் பரவுவதும் அதில் அழகு. ஆனால் இப்படி ஈரத்தையெல்லாம் கணக்கிடுவது கணினிக்குப் பெரிய வேலை. சாதாரணக் கணினியில் கேன்வாஸைப் பெரிதாக்கி அகலமான பிரஷ்ஷை இழுத்தால் கோடு கைக்குப் பின்னால் நொண்டி வருகிறது. இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. அதில் வரும் படங்களை வரைந்தவர்கள் கைதேர்ந்த கலைஞர்கள், அவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் அழகாகத்தான் வரைவார்கள், அதைப் பார்த்து நாம் என்ன முடிவு செய்வது? அப்புறம் இந்த நூற்றுக்கணக்கான பிரஷ்கள்! எனக்கு வேண்டியது ஒழுங்கான நாலு. கிரிதா என்ற மென்பொருள் இலவசம், தயங்காமல் போட்டுப் பார்க்கலாம். காசு கேட்கிறவர்கள் சோதனைப் பதிப்பில் படத்தைச் சேமிக்கவாவது விடுங்கள், வரைந்ததை மறுநாள் திறந்து தொடர முடியாமல் எதை நம்பி வாங்குவது?