காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை

தமிழ்நாட்டில் தமிழ்வழியில் பள்ளி முடித்த எவரையும் நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள். 'நயம் பாராட்டுக' வினாவுக்கு விடை எழுதும் முறையை மடமடவென்று ஒப்பிப்பார். திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம். ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடிட்ட துணைத்தலைப்பு. மோனைக்குக் கீழே 'காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை'. எதுகைக்குக் கீழே 'மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை'. பிறகு பாட்டிலிருந்து எழுத்து ஒன்றி வரும் இரண்டு சொற்களைப் பொறுக்கிப் போட்டால் மதிப்பெண் விழுந்துவிடும். பாடியவர் யாரிடம் பேசுகிறார், எதற்காகப் பேசுகிறார், எந்த இடத்தில் குரலை மாற்றுகிறார் என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படுவதில்லை.

சிறுகதை என்றால் இன்னும் எளிது. 'இக்கதை உணர்த்தும் கருத்தைச் சுருக்கி வரைக.' எந்தக் கதையாக இருந்தாலும் மனிதநேயம் என்று எழுதிவைத்தால் தப்பித்துக்கொள்ளலாம்.

இப்படிப் பயின்று வந்த நாம்தான் பிறகு இலக்கியக் கூட்டங்களில் மேடை ஏறுகிறோம். துணைத்தலைப்புகளின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. மையக் கருத்து இருந்த இடத்தில் பெண்ணியம், அணி நயம் இருந்த இடத்தில் தொன்மம், கட்டுடைப்பு. கதையில் உள்ள ஒரு வாக்கியத்தைக்கூடத் தொடாமல் முக்கால் மணி நேரம் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். கைதட்டலும் பலமாகவே இருந்தது.

பழைய எழுத்தைப் படிக்க நான் நம்புகிற வழி ஒன்று உண்டு. ஒரே கதையை வெவ்வேறு கைகள் எழுதியிருந்தால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எங்கே மாறுகிறது என்று விரல் வைத்துப் பார்ப்பது. கோட்பாடு எதுவும் முன்கூட்டித் தேவையில்லை. பொறுமை இருந்தால் போதும்.

அகலிகையை எடுத்துக்கொள்ளுங்கள். கோதம முனிவரின் மனைவி; கணவன் வேடத்தில் வந்த இந்திரனோடு கூடியதால் கணவனிடம் சாபம் பெற்றவள். வால்மீகியில் அவள் கல்லாவதே இல்லை. காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே சாபம். வந்திருப்பவன் இந்திரன் என்று தெரிந்தே, தேவராஜன் மேல் கொண்ட ஆவலால் அவள் இசைந்தாள் என்றும் வால்மீகி ஒளிக்காமல் சொல்கிறார். அப்படிச் சொன்ன அதே கவிஞர், சாபம் தீர்ந்ததும் ராமனும் இலக்குவனும் அவள் காலைத் தொடுவதாகவும் எழுதுகிறார். நம்மில் பலருக்கு இது வியப்பாக இருக்கும். ராமன் கால் அவள் மேல் பட்டதாகத்தானே கேட்டு வளர்ந்தோம்.

கம்பனிடம் வந்தால் கல் வந்துவிடுகிறது, கால் துகளும் வந்துவிடுகிறது. பட்டிமன்றப் பேச்சாளர்கள் 'கை வண்ணம் அங்குக் கண்டேன், கால் வண்ணம் இங்குக் கண்டேன்' என்ற பாட்டை எடுத்து, அதில் எட்டு வண்ணம் இருக்கிறது என்று எண்ணிக் காட்டிவிட்டு அமர்ந்துவிடுவார்கள். எட்டு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே படலத்தில் வேறு இரண்டு இடங்களைச் சேர்த்துப் பாருங்கள். இந்திரனோடு கூடியிருக்கும்போது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது: 'உணர்ந்தனள், உணர்ந்த பின்னும், தக்கது அன்று என்ன ஓராள்.' உணர்ந்த பிறகும், இது தகாது என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை. சில பாட்டுகள் தள்ளி, விசுவாமித்திரர் அவளைக் கோதமனிடம் சேர்க்கும்போது சொல்வது: 'நெஞ்சினால் பிழைப்பு இலாளை நீ அழைத்திடுக.' உணர்ந்த பின்னும் விலகாதவள் எப்படி நெஞ்சினால் பிழை இல்லாதவள் ஆவாள்?

உரைகாரர்கள் சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சமாதானங்களைவிட அந்த முரண்தான் பிடித்திருக்கிறது. முதல் வரியில் பேசுவது கவிஞன். இரண்டாவதைச் சொல்வது, உடைந்த குடும்பத்தை ஒட்டவைக்க வந்த ஒரு முனிவர். சொல்கிறவர் யார் என்று பார்த்தாலே போதும், நயம் பாராட்டலில் பாதி முடிந்துவிட்டது. அந்த வினாத்தாளில் இதற்கு மட்டும் துணைத்தலைப்பு கிடையாது.

சிறுகதையாசிரியர் புதுமைப்பித்தன் இந்தக் கதைக்கு இரண்டு முறை வந்தார். 1934-இல் மணிக்கொடி இதழில் 'அகல்யை'. அதில் கோதம முனிவர் சாபம் இடுவதில்லை. உன் உடலுமா அந்த நேரத்தில் கல்லாகிவிட்டது என்று கேட்டபடி அவள் தலையைத் தடவுகிறார். நல்ல கதைதான், ஆனாலும் அதில் முனிவரின் பெருந்தன்மை கொஞ்சம் அதிகமாக வெளிச்சம் போட்டுத் தெரிகிறது. 1943-இல் வந்த 'சாபவிமோசனம்' வேறு உயரம். இங்கே சாபம் தீர்ந்த பிறகுதான் கதையே தொடங்குகிறது. மன்னிக்கப்பட்டவள் அதன்பிறகு எப்படி வாழ்ந்தாள் என்று இராமாயணம் சொல்லாமல் விட்ட காலத்தை அவர் எழுதுகிறார்.

வனவாசம் முடிந்து ராமனும் சீதையும் வருகிறார்கள். தீக்குளித்ததைச் சீதை சொல்லும்போது அகலிகை கேட்கிறாள்: 'அவர் கேட்டாரா?' அவர் கேட்டார், நான் செய்தேன் என்கிறாள் சீதை, அமைதியாக. உடனே அகலிகை கத்துகிறாள்: 'அவன் கேட்டானா?'

ஒரு ரகரம் னகரமாகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. அவளை மாசற்றவள் என்று ஏற்று உயிர் கொடுத்தவனுக்கு இருந்த மரியாதை அந்த ஓர் எழுத்தில் சரிந்துவிடுகிறது. ஆணாதிக்கம் என்று இந்த இடத்தில் ஆசிரியர் ஒரு பத்தி எழுதியிருந்தால் கதை அங்கேயே செத்திருக்கும். இந்த விகுதி மாற்றத்தைக் கவனிக்காமல் சாபவிமோசனத்தைப் 'பெண்ணியப் பிரதி' என்று எழுதுகிற கட்டுரைகள் எத்தனை!

இன்னொன்று, தலைப்பு. கடைசியில் கோதமன் அணைத்திருக்கும்போதே அகலிகை மீண்டும் கல்லாகிறாள். அவளுடைய மனச்சுமை அதோடு ஒழிகிறது என்கிறார் ஆசிரியர். அப்படியானால் விமோசனம் எது? ராமன் கால் பட்ட நேரமா, மறுபடி கல்லான நேரமா? தண்டனையாக இருந்த கல் எப்படிப் புகலிடமாக மாறியது? சாபம் என்று தலைப்பில் இருப்பது கோதமன் சொன்ன சொல்லா, அதற்குப் பின் அவர்கள் வாழ்ந்த இல்லறமா? கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் பேசப் போதுமான வினாக்கள் இவை. நம் வினாத்தாள்களோ 'புதுமைப்பித்தனின் இயற்பெயர் யாது?' என்று கேட்டு, சொ. விருத்தாசலம் என்று எழுதியவருக்கு ஒரு மதிப்பெண் தருகின்றன. அவர் வறுமையில் வாடியதும், காசநோயால் 1948-இல் திருவனந்தபுரத்தில் இறந்ததும் கட்டாயம் இடம்பெறும். அவை தெரிந்திருக்க வேண்டியவைதான். ஆனால் 'அவன்' என்ற சொல்லை விளக்க அந்தக் காசநோய் உதவாது.

ஆசிரிய நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரியும். பாடத்திட்டம் நீளம், வகுப்பில் கூட்டம், விடைத்தாள் திருத்துபவருக்கு நேரமில்லை, விடைக்குறிப்பில் இல்லாததை எழுதினால் பையனுக்குத்தான் நட்டம். எல்லாம் உண்மை. பாடங்களில் பாதியை எடுத்துவிடுங்கள் என்பதே என் பதில். பத்துக் கவிதைகளுக்கு மோனை தேடியவனைவிட, ஒரே கதையின் இரண்டு வடிவங்களைப் படித்து 'இங்கே ஏன் மாற்றினார்?' என்று எரிச்சலோடு கேட்டவன் அதிகம் கற்றிருப்பான்.

அந்த உரையாடலில் எனக்கு இன்னும் பிடிபடாத இடம் ஒன்று உண்டு. அகலிகை கத்திய பிறகு இருவரும் வெகுநேரம் பேசுவதில்லை. பிறகு, உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சொல்லிச் சீதை மெதுவாகச் சிரிக்கிறாள். ராமனை விட்டுக்கொடுக்காத சிரிப்பா, உலகத்தைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பா, அகலிகையின் வெகுளித்தனத்தைக் கண்டு வந்ததா? மூன்றுக்கும் கதைக்குள்ளேயே சான்று காட்டலாம். நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன்; சென்ற மாதம் இதைப் படித்த என் மகள் மூன்றாவதுதான் என்று சாதிக்கிறாள். கதையைக் கையில் வைத்துக்கொண்டு, வரியைக் காட்டி வாதாட வருகிறவர்கள் கீழே எழுதுங்கள். படித்து ரொம்ப நாளாகிவிட்டது என்பவர்கள் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். அரை மணி நேரக் கதைதான்.