நினைத்ததற்கே தண்டனை

1946 விம்பிள்டன் டென்னிஸ் என்றதும் என் கண்முன் முதலில் வருவது கூரை சிதைந்த முதன்மை அரங்கமான சென்டர் கோர்ட்தான். 1940 அக்டோபரில் ஜெர்மன் விமானம் போட்ட குண்டு அரங்கத்தின் ஒரு மூலையைப் பெயர்த்து, 1,200 இருக்கைகளைக் கொண்டுபோய்விட்டது. போர் முடிந்து போட்டி மீண்டும் தொடங்கியபோதும் அந்தப் பொத்தல் அடைபடவில்லை. அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டு, மிச்ச இருக்கைகளில் மக்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். போர்க்காலத்தில் பன்றியும் கோழியும் வளர்த்த வளாகம் அது.

அந்த ஆண்டு ஆண்கள் பட்டம் பிரான்சின் இவோன் பெத்ராவுக்கு. ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர், ஐந்து செட் ஆடி வென்றார். நீளக் கால்சட்டையோடு அங்கே பட்டம் வென்ற கடைசி ஆண் அவர்தான் என்பதால் அவரை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பெண்கள் பட்டம் வென்ற பாலின் பெட்ஸைத்தான் மறந்துவிட்டோம். எனக்கு ஆற்றாமை அதில்தான்.

அமெரிக்க தேசியப் பட்டத்தை 1942 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றவர் அவர். போரால் விம்பிள்டன் நடக்காமல் போனதால் 26 வயதில்தான் அங்கே முதன்முறையாகக் கால்வைத்தார். வந்தார், ஒரு செட்கூட இழக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் லூயிஸ் பிரஃப்பை 6-2, 6-4 என்று வீழ்த்தினார். அந்தக் கோடையிலேயே ஃபாரஸ்ட் ஹில்ஸ் புல்தரையில் நான்காவது முறையாக அமெரிக்கப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். டைம் இதழ் அவர் படத்தை அட்டையில் போட்டது.

அடுத்த ஆண்டு பட்டத்தைக் காக்க அவரை விடவில்லை. தொழில்முறை ஆட்டக்காரராக மாறினால் வாய்ப்பு எப்படி என்று விசாரித்துப் பார்த்தார்கள் அவர் தரப்பில். அவ்வளவுதான். ஒப்பந்தம் போடவில்லை, ஒரு டாலர் கைக்கு வரவில்லை. அமெரிக்க டென்னிஸ் சங்கம் அவருடைய அமெச்சூர் தகுதியை, அதாவது காசு வாங்காமல் ஆடுபவர் என்ற தகுதியை, நிறுத்திவைத்தது. அது இல்லாதவருக்கு அன்று விம்பிள்டனில் இடமில்லை. 27 வயது, உலகின் முதல்நிலை வீராங்கனை. விம்பிள்டன் கதவு சாத்தப்பட்டது.

அமெச்சூர் தூய்மை என்று இதற்கு நியாயம் சொல்பவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வாசலில் டிக்கெட் விற்ற காசு சங்கங்களுக்குப் போனது. பயணச் செலவு என்ற பெயரில் மேசைக்கடியில் பணம் கைமாறியது ஊரறிந்த ரகசியம். உழைத்து ஆடியவர் வெளிப்படையாகக் கூலி கேட்டால் மட்டும் ஆட்டம் தீட்டுப்பட்டுவிடும்! வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தூய்மை ஒரு சுமையே இல்லை.

நம் ராமநாதன் கிருஷ்ணனும் இந்த விதியின் முன் நின்றவர்தான். தொழில்முறை ஆட்டங்களை நடத்திவந்த ஜாக் கிராமர் மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர் தருவதாக அழைத்தபோது, அவர் மறுத்துவிட்டார். ஒப்புக்கொண்டிருந்தால் நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காகவும், இருமுறை அரையிறுதி கண்ட விம்பிள்டனிலும் அவருக்கு இடமில்லாமல் போயிருக்கும். அந்தத் தியாகத்தை நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் நாட்டுக்கு ஆடுவதா, பிழைப்பைப் பார்ப்பதா என்று ஒரு மனிதனைத் தேர்ந்தெடுக்கச் சொன்னவர்களை ஏன் யாரும் கேள்வி கேட்பதில்லை?

1968இல்தான் விம்பிள்டன் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் திறந்தது. ஆண்கள் பட்டம் வென்ற ராட் லேவருக்கு 2,000 பவுண்டு, பெண்கள் பட்டம் வென்ற பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுண்டு. இருபாலருக்கும் பரிசு சமமாக 2007 வரை ஆனது. அது தனிக் கோபம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

1968இல் பெட்ஸுக்கு 48 வயது. விம்பிள்டன் வெற்றியாளர் பட்டியலில் அவர் பெயர் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அங்கே அவர் ஆட முடிந்ததே ஒரே ஒரு முறைதான் என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை.