ஓமானியக் கஞ்சரின் உறை: ஒரு திருத்தம்

ஓமான் நாட்டின் வளைந்த குத்துவாளான கஞ்சரின் உறை முழுவதும் ஒரே வெள்ளிக் கட்டியில் வார்க்கப்பட்டது என்றும், அதனால்தான் அதற்கு இவ்வளவு விலை என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் பலரும் அப்படியே பகிர்ந்தும் வருகிறார்கள். பணிவுடன் ஒரு திருத்தம்: உறையின் உட்கூடு மரம், அதன்மேல் போர்த்தப்படுவது தோல், வெள்ளி வேலை அதற்கும் மேலேதான் வருகிறது.

மேற்பகுதியில் செதுக்குவேலை செய்த வெள்ளித் தகடும், அதற்குக் கீழே இடைவாருடன் இணைக்க உதவும் வெள்ளி வளையங்களும், வளைந்து இறங்கும் பகுதியில் மெல்லிய வெள்ளிக் கம்பியால் தோலின்மீது நெருக்கமாகத் தைத்த பூவேலையும், நுனியில் ஒரு வெள்ளி மூடியும் இருக்கும். தட்டான் திறமையோடு தோல் வேலையும் தையலும் சேர்ந்தே உறை உருவாகிறது என்பதால், வார்ப்பு என்று சொல்லும்போது அந்தக் கைகளின் உழைப்பே மறைந்துபோகிறது. கஞ்சர் செய்யும் கைத்திறனும் அது சார்ந்த வழக்கங்களும் 2022-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

சரிபார்ப்பது எளிது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போன்றவற்றின் இணையத் தொகுப்பில் ஓமானியக் கஞ்சர்களைத் தேடி, செய்பொருள் என்ற குறிப்பைப் பாருங்கள். நேரில் பார்க்க வாய்த்தால் உறையைத் திருப்பிப் பின்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். அலங்காரம் பெரும்பாலும் முன்புறத்தோடு நின்றுவிடுவதால், வெறும் தோல் அங்கே கண்ணுக்குத் தெரியும்.