சூடானோடு காண்டாமிருகங்கள் அழிந்துவிடவில்லை

படுத்திருக்கும் முதிய விலங்கின் மீது பராமரிப்பாளர் ஒருவர் தலை சாய்த்திருக்கும் படத்துடன், ‘உலகின் கடைசிக் காண்டாமிருகம் இறந்துவிட்டது’ என்ற செய்தி மீண்டும் மீண்டும் பகிரப்படுகிறது. படம் உண்மை. செய்தி தவறு.

இறந்தது சூடான் என்ற காண்டாமிருகம். கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்தில் 2018 மார்ச் 19 அன்று, முதுமையின் உபாதைகள் தாங்க முடியாத நிலைக்குப் போனதால், மருத்துவர்கள் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் என்ற துணையினத்தின் கடைசி ஆண் அது. அந்தத் துணையினமும் இன்னும் முற்றாக முடியவில்லை. சூடானின் மகள் நாஜின், பேத்தி ஃபாத்து இரண்டும் ஆயுதக் காவலுக்கு நடுவே அங்கேயே மேய்கின்றன. இரண்டாலும் கருவைச் சுமக்க இயலாது. அதனால் ஃபாத்துவின் கருமுட்டைகளை எடுத்து, முன்பே உறையவைத்த விந்தணுக்களோடு சேர்த்து ஆய்வகத்தில் கருக்களை உருவாக்கி, தெற்கு வெள்ளைப் பெண் காண்டாமிருகங்களை வாடகைத் தாய்களாக்க முயல்கிறார்கள்.

தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்களோ ஆப்பிரிக்காவில் 15,000-க்கும் மேல் இருக்கின்றன. கூரிய மேலுதட்டால் இலையைப் பற்றி இழுத்துத் தின்னும் கறுப்புக் காண்டாமிருகங்கள் 6,000-க்கும் மேல். ஆசியாவில் மேலும் 3 இனங்கள்.

பகிர்பவர்களின் வருத்தம் உண்மையானது என்பதை அறிவேன். ஆனால் ‘எல்லாம் முடிந்தது’ என்று நம்பிவிட்டால், கொம்புக்காக இன்றும் சுடப்படும் விலங்குகளுக்காக யார் குரல் கொடுப்பார்கள்? அந்தக் கொம்பும் நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான்.